சொன்னி அலியும் அஸ்கியா முஹம்மதும் ஒரே பரம்பரையா?

வணக்கம். மாலிப் பேரரசர் மன்சா மூசாவைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "மாலிக்கு அப்புறம் வந்த சோங்காய் பேரரசில் சொன்னி அலி, அஸ்கியா முஹம்மது என்று இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. இருவரும் ஒரே பரம்பரையா? சொன்னி என்றால் சன்னி முஸ்லிம் என்று அர்த்தமா? ஒருவரைக் கொடுங்கோலர் என்றும் இன்னொருவரை மகான் என்றும் எழுதுகிறார்களே, உண்மையிலேயே அப்படித்தானா?"

நடுவில் உள்ள கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. சொன்னி என்பது அந்த வம்சத்து அரசர்களின் பட்டம். அஸ்கியாவும் அப்படி ஒரு பட்டம்தான். நம் ஊரில் ராஜகேசரி, பரகேசரி என்று சோழர்கள் போட்டுக்கொண்டார்களே, அந்த மாதிரி.

இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆறு வடக்கே ஏறி, சகாராவைத் தொட்டுவிட்டு மறுபடி தெற்கே வளைகிறது. அந்த வளைவின் கிழக்குப் பக்கத்தில் சோங்காயின் தலைநகரான காவோ, உச்சிக்குப் பக்கத்தில் திம்புக்து. காவோவை அடுத்தடுத்து மூன்று வம்சங்கள் ஆண்டதாகத் திம்புக்துவில் எழுதப்பட்ட நூல்கள் சொல்கின்றன: ஸா, சொன்னி, அஸ்கியா.

ஸா வம்சம் பாதி கதை, பாதி கல். யமன் நாட்டிலிருந்து வந்த ஒருவன், ஆற்றில் தோன்றி மக்களை ஆட்டிவைத்த ஒரு மாய மீனைக் கொன்று அரசனானான் என்பது கதை. அந்த வரிசையில் ஸா குசோய் என்பவர் ஹிஜ்ரி 400இல், அதாவது 1009-10இல், இஸ்லாத்தைத் தழுவியதாகச் சொல்கிறார்கள். கல் எங்கே என்றால், காவோவுக்குப் பக்கத்தில் சானே என்ற இடத்தில். அங்கே 1100ஆம் ஆண்டையொட்டிய அரசர்களின் கல்லறைக் கற்கள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றின் பளிங்கு ஸ்பெயினின் அல்மேரியாவிலிருந்து வந்தது. பாலைவனத்தைத் தாண்டி ஒட்டகத்தின் முதுகில் கல்லறைக் கல் வரவழைக்கிற அளவுக்குப் பணம் இருந்திருக்கிறது! ஆனால் கல்லில் உள்ள பெயர்களும் நூலில் உள்ள பட்டியலும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. நான் கல்லைத்தான் நம்புவேன்.

அப்புறம் மாலி வந்து காவோவைப் பிடித்துக்கொண்டது. சொன்னி வம்சத்தின் தொடக்கம் இங்கேதான். ஸா குடும்பத்து இளவரசர்களான அலி கோலோனும் அவருடைய தம்பியும் மாலி அரசவையில் சேவகம் செய்து வந்தார்களாம். அலி கோலோன் படையெடுப்புக்குப் போகிற சாக்கில் ஒவ்வொரு முறையும் காவோ பக்கமாகக் கொஞ்சம் கூடுதல் தூரம் போவார். போகிற வழியில் ஆயுதங்களையும் தானியத்தையும் மறைத்து வைத்துவிட்டு வருவார். ஒரு நாள் அண்ணனும் தம்பியும் குதிரை ஏறினார்கள், திரும்பி வரவில்லை. இந்தக் கதைப்படி சொன்னி என்பது ஸாவின் கிளைதான், மன்சா மூசாவின் வம்சம் அல்ல.

சொன்னி அலி இந்த வரிசையில் வருகிறவர். ஆட்சிக் காலம் 1464 முதல் 1492 வரை. காவோவைச் சுற்றி இருந்த அரசைப் பேரரசாக்கியது அவர்தான். 1468இல் திம்புக்துவை, சகாரா நாடோடிகளான துவாரெக் மக்களின் தலைவன் அகீலிடமிருந்து பிடித்தார். அடுத்து ஜென்னே நகரத்தை நீண்ட முற்றுகைக்குப் பிறகு வசப்படுத்தினார். ஏழு வருடம், ஏழு மாதம், ஏழு நாள் என்று சொல்வார்கள். அது கதை சொல்கிறவர்களின் கணக்கு. வடமேற்கே இருந்த வலாத்தா நகருக்குப் படகுகளைக் கொண்டுபோவதற்காகக் கால்வாய் வெட்டவே ஆரம்பித்துவிட்டார். இடையில் தெற்கே இருந்த மோசி என்ற எதிரி அரசின் படை வந்துவிட்டதால் வேலை நின்றது.

கொடுங்கோலர் என்ற பெயர் திம்புக்துவில்தான் ஒட்டியது. அங்கிருந்த சங்கோரே பள்ளிவாசலைச் சேர்ந்த அறிஞர் குடும்பங்கள் அகீலோடு உறவாக இருந்தவர்கள். சொன்னி அலியின் படை வருகிறது என்றதும் அகீல் ஆயிரம் ஒட்டகங்களைக் கொண்டுவந்து அவர்களை வலாத்தாவுக்குக் கூட்டிப் போனார். அந்த ஊரிலேயே பிறந்த அஸ்ஸஅதி, 1650களில் அரபியில் எழுதிய 'தாரீக் அஸ்சூதான்' நூலில் இந்தக் காட்சியைச் சொல்கிறார். தாடி வைத்த பெரிய மனிதர்கள் ஒட்டகத்தில் ஏறப் பயந்து நடுங்கினார்களாம். ஒட்டகம் எழுந்ததும் தொப்பென்று விழுந்தார்களாம். ஏன் என்பதற்கு அவரே காரணமும் சொல்கிறார்: அந்தக் காலத்தில் பிள்ளைகளை விளையாட விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தார்கள், அதனால் உலக விவரம் தெரியவில்லை. பதினேழாம் நூற்றாண்டு மனிதர் எழுதியது இது!

ஊரில் தங்கிவிட்ட அறிஞர்கள் பலரைச் சொன்னி அலி கொன்றார். அதை மறைப்பதற்கில்லை. தொழுகையில் அவர் காட்டிய அலட்சியத்தையும் அஸ்ஸஅதி எழுதுகிறார். ஐந்து வேளைத் தொழுகையையும் இரவுக்கோ மறுநாளுக்கோ தள்ளிப்போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே சைகை காட்டி ஒவ்வொரு தொழுகையின் பெயரையும் சொல்வாராம். கடைசியில் அந்தத் தொழுகைகளைப் பார்த்து, "நீங்கள்தான் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாயிற்றே, இதை உங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்" என்பாராம். ஆனால் அறிஞர்கள் இல்லாவிட்டால் உலகத்தில் சுவையே இருக்காது என்று அவர் சொன்னதையும் அதே அஸ்ஸஅதிதான் எழுதி வைத்திருக்கிறார். எல்லா அறிஞர்களையும் அவர் பகைக்கவில்லை. அகீல் பக்கம் நின்றவர்களைப் பகைத்தார். எனக்கு இது மதச் சண்டையாகத் தெரியவில்லை, அரசியல் கணக்காகத்தான் தெரிகிறது.

1492 கடைசியில் ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் அலி இறந்தார். ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டார் என்கிறார்கள். மகன் சொன்னி பாரு பட்டத்துக்கு வந்தார். சில மாதங்களுக்குள், 1493 ஏப்ரலில், அன்ஃபாவோ என்ற இடத்தில் அவரைத் தோற்கடித்து ஆட்சியைப் பிடித்தவர் அலியின் தளபதிகளில் ஒருவரான முஹம்மது தூரே. செய்தி கேட்டு அலியின் மகள்கள் "அஸ்கியா" என்று அலறினார்களாம். "அது அவனுடையதல்ல" என்கிற மாதிரி அர்த்தம். சரி, அதையே பட்டமாக வைத்துக்கொள்கிறேன் என்றாராம் தளபதி. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டம் அவருக்கு இரண்டரை நூற்றாண்டு முந்திய கல்லறைக் கல்வெட்டிலேயே வந்துவிட்டது.

ஆட்சியைப் பறித்தவருக்கு நியாயம் தேவைப்பட்டது. 1496இல் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். ஐந்நூறு குதிரை வீரர், ஆயிரம் காலாள், மூன்று லட்சம் மிஸ்கால் (நாலு கிராமுக்குச் சற்று மேலான ஓர் எடை) தங்கம் என்று நூல்கள் சொல்கின்றன. தக்ரூர் நாட்டுக்கு, அதாவது அந்த மேற்கு நிலப்பகுதிக்கு, கலீஃபா என்ற பட்டத்தோடு 1498இல் திரும்பினார். அதையொட்டி, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள த்லெம்சென் ஊர் அறிஞர் அல்மகீலி காவோவுக்கு வந்தார். அவரிடம் அஸ்கியா கேட்ட கேள்விகளும், வந்த பதில்களும் இன்றும் கிடைக்கின்றன. சொன்னி அலி இறைமறுப்பாளர், அஸ்கியா ஆட்சியைப் பிடித்தது சரியே என்று தீர்ப்பு. பதவியைப் பிடித்து ஐந்து வருடம் கழித்து வந்த சான்றிதழ்! வலாத்தாவுக்கு ஓடிய குடும்பங்களும் திரும்பி வந்து மரியாதை பெற்றன. வரலாறு எழுதியவர்கள் அந்த அறிஞர் வட்டத்தில் வந்தவர்கள். மகான் பட்டம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அவர் திறமையான நிர்வாகி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த எழுத்தாளர்கள் அலிக்குக் கிடைக்கவில்லை.

இனி முதல் கேள்வி. எழுத்து நூல்களின்படி அஸ்கியா முஹம்மது வேறு குடும்பம், சொனின்கே என்ற வேறோர் இனத்தின் மரபைச் சேர்ந்தவர். வாய்மொழிக் கதைகளில் நிலைமை வேறு. அங்கே அவர் பெயர் மாமர், அம்மா பெயர் கசாய். கசாய், சொன்னி அலியின் தங்கை. தங்கை மகன் கையால்தான் சாவு என்று ஆரூடம் கேட்டு, பிறக்கிற குழந்தைகளையெல்லாம் அண்ணன் கொல்கிறான். கடைசிக் குழந்தையை அடிமைப் பெண்ணின் குழந்தையோடு மாற்றி வைத்துத் தாய் காப்பாற்றுகிறாள். வளர்ந்ததும் அவன் மாமனைக் கொல்கிறான். கேட்கும்போதே கம்சன் ஞாபகம் வந்திருக்குமே! எனக்கும் அதுதான் வந்தது. ஆக, ஏட்டின்படி இரண்டு வம்சம், பாட்டின்படி மாமனும் மருமகனும்.

அஸ்கியா முஹம்மதின் கடைசிக் காலம் பரிதாபம். பார்வை போய்விட்டது. 1529 வாக்கில் மகன் மூசாவே அவரை இறக்கிவிட்டு அமர்ந்தார். மூசா இரண்டே வருடத்தில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த உறவினர் பென்கான், கிழவரை நைஜர் ஆற்றின் நடுவே ஒரு தீவுக்கு அனுப்பினார். இன்னொரு மகன் இஸ்மாயில் பார்க்கப் போனபோது, கிழவர் அவன் கையைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு பலமான கை இருந்தும் என்னைக் கொசுக்கடியிலும் தவளைகளுக்கு நடுவிலும் விட்டுவைத்தாயே" என்றாராம். இஸ்மாயில் 1537இல் ஆட்சிக்கு வந்ததும் அவரைக் காவோவுக்கு அழைத்துக்கொண்டார். மறு வருடம் கிழவர் இறந்தார். காவோவில் 17 மீட்டர் உயரத்தில், குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் மண் பிரமிடு ஒன்று இருக்கிறதே, அவருடைய கல்லறை என்று சொல்லப்படுவது அதுதான். அவர் பிள்ளைகளில் தாவூத் மட்டும் 1549 முதல் 1582 வரை நிம்மதியாக ஆண்டார். ஓலைக்கு நாம் ஆள் வைத்த மாதிரி, ஏடுகளைப் பிரதியெடுக்க ஆள் வைத்திருந்தவர். 1591இல் தொந்திபி என்ற இடத்தில் மொராக்கோ படையின் துப்பாக்கிகளுக்கு முன்னால் எல்லாம் முடிந்தது.

சொன்னி அலிக்கு யாருமே இல்லையா என்றால், இருக்கிறார்கள். இன்றைய நைஜர் நாட்டில் சொஹான்சி என்ற மந்திரவாதிப் பரம்பரையினர் உண்டு. அவர்கள் தங்களைச் சொன்னி அலியின் வாரிசுகள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.