முகக் காயத்துக்கு எந்தத் தையல் நூல்?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா பதறிக்கொண்டு அழைத்து வந்தார். மாடிப்படி விளிம்பில் விழுந்து புருவம் கிழிந்திருந்தது. காயம் முழுக்கக் காப்பிப் பொடி. அதைக் கழுவி எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. தயவுசெய்து காப்பிப் பொடியும் மஞ்சளும் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி வந்தால் போதும்.

மரப்பு ஊசி போட்டுவிட்டு நூலை எடுத்தேன். "என்ன டாக்டர், தலைமுடி மாதிரி இருக்கே, இது தாங்குமா?" என்றார் அம்மா.

அவர் கேட்டது சரிதான். முகத்தோலுக்கு நாங்கள் எடுப்பது பெரும்பாலும் 6-0 என்ற அளவு நூல். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் காயத்தின் இழுவையைத் தாங்குவது இந்த நூல் அல்ல. ஆழமான காயம் என்றால், தோலுக்கு அடியில் தானாகக் கரையும் நூலால் முதலில் ஒரு தையல் போட்டுவிடுவோம். பாரம் அதன் மேல். வெளியே தெரியும் நூலுக்கு ஒரே வேலை, தோலின் இரண்டு ஓரங்களையும் மேடு பள்ளம் இல்லாமல் சேர்த்துப் பிடிப்பது.

அந்த வெளிநூல் நைலான் அல்லது பாலிபுரோப்பிலீனாக இருப்பது நல்லது. இரண்டும் வழுவழுப்பான ஒற்றை இழை. பட்டு நூல் முடிச்சுக்கு அருமையாக அடங்கும். ஆனால் அது பல இழைகளைப் பின்னிய நூல். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தையும் கிருமியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் முகத்தோலுக்கு நான் அதைத் தொடுவதில்லை. புருவத்துக்கு நீல நிற பாலிபுரோப்பிலீனைத்தான் எடுப்பேன். கறுப்பு நைலான் போட்டால், பிரிக்கும்போது எது முடி, எது நூல் என்று தேட வேண்டியிருக்கும். புருவ முடியை மழிக்கவும் கூடாது; அதுதான் ஓரங்களைப் பொருத்த எங்களுக்கு அடையாளம்.

உதடு கிழிந்தால் இன்னும் கவனம் வேண்டும். சிவப்பும் தோலும் சேரும் கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் எதிரே நின்று பேசுபவருக்குத் தெரியும். மரப்பு ஊசி போட்டால் வீங்கி அந்தக் கோடு மறைந்துவிடும். அதனால் முதலில் மையால் குறி வைத்துக்கொண்டு, முதல் தையலை அங்கேதான் போடுவோம். வாயின் உள்பக்கத்துக்குக் கரையும் நூல்.

சின்னக் குழந்தைகளுக்கு வெளியிலும் சீக்கிரம் கரையும் நூல் போடலாம். தையல் பிரிக்கும் நாளில் நாலு பேர் பிடித்து அமுக்க வேண்டியதில்லை. இழுவை இல்லாத சின்ன, நேரான வெட்டு என்றால் மருத்துவப் பசையே போதும்.

அப்புறம், பிரிக்கும் நாள். இமையில் மூன்று முதல் ஐந்து நாள், முகத்தின் மற்ற இடங்களில் ஐந்து முதல் ஏழு நாள். "இன்னும் கொஞ்சம் ஆறட்டுமே" என்று பத்து, பன்னிரண்டு நாள் விட்டால், நூல் போன துளை வழியே தோல் உள்ளே வளர்ந்து ஏணிப்படி மாதிரி தழும்பு விழும். அப்படி வந்த ஒரு பெண்ணின் கன்னத்தைப் பார்த்திருக்கிறேன். காயத்தின் கோடு மெல்லியதாகத்தான் இருந்தது. கண்ணில் பட்டதெல்லாம் படிகள்தான்.

அந்தப் பையன் ஐந்தாம் நாள் வந்தான். ஏழு நீலத் துண்டுகளைப் பஞ்சில் எடுத்து வைத்தேன். அந்த நாளில் காயத்துக்குத் தோலின் பழைய வலுவில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது. அதனால் மேலே காகித ஒட்டுப்பட்டை ஒட்டி, ஒரு வாரம் பந்து விளையாட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே இருக்கும் தையல் இன்னும் சில வாரம் பிடித்துக்கொண்டிருக்கும்.