வாசலில் சீட்டுக் கிழிக்க வேண்டாம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிறு நகரங்களில் கோடைகாலத்தில் நடக்கும் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் வேண்டுமா, வேண்டாமா என்பது இன்றைய தலைப்பு. வேண்டாம் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், காசு கொடுக்காமல் கேட்கும் பாட்டுக்கு மதிப்பில்லை என்றார். இலவசம் என்பது கலைஞரின் வயிற்றில் அடிப்பது என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்பவருக்கு இலவசம் என்றால் பாடுபவருக்கும் கூலியில்லை என்பது எந்தக் கணக்கு? நம் கோவில் திருவிழாவில் விடிய விடிய வாசித்த நாயனக்காரர், தெருவில் நின்று கேட்டவர்களிடம் துண்டை ஏந்தியதில்லை, மண்டகப்படிக்காரர் கொடுத்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், சுமார் 75,000 பேர் வாழும் பெத்லகேம் நகரத்தில் 1984 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நடந்துவரும் மியூசிக்ஃபெஸ்ட் விழாவிலும் இதே வழிதான்: புரவலர் தொகையும் உணவு, பீர் விற்பனையும் செலவைத் தாங்குகின்றன. பெரும்புள்ளிகள் பாடும் மேடைக்கு அங்கே சீட்டு உண்டு என்பதை, எதிரணியினர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஊரை நிறைப்பவை மற்ற இலவச மேடைகள்.

அந்த ஊரின் கதையையும் கேளுங்கள். கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு கொடுத்த பெத்லகேம் ஸ்டீல் நிறுவனம், 1995இல் அங்கே இரும்பு உருக்குவதை நிறுத்தியது. 2001இல் திவால் மனு கொடுத்தது. குளிர்ந்துபோன ஊது உலைகளை இடித்துத் தள்ளாமல், அவற்றின் காலடியிலேயே 2011இல் ஒரு திறந்தவெளி மேடை அமைத்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 நிகழ்ச்சிகள், அனைத்தும் இலவசம். ஒரு காலத்தில் அடையாள வில்லை இல்லாமல் நுழைய முடியாத ஆலை வளாகத்தில், இன்று மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு யாரும் போய்ப் புல்தரையில் உட்காரலாம். மறுபடியும் அங்கே ஒரு வாசற்காவலரை நிறுத்தவா சொல்கிறீர்கள்?

இனி மதிப்பு. பணம் கொடுத்தவர் பாட்டு பிடிக்காவிட்டாலும் கொடுத்த காசுக்காக உட்கார்ந்திருப்பார். பிடித்ததாகச் சொல்லியும் கொள்வார். புல்தரையில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிடிக்கவில்லை என்றால், பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஆகவே ஒன்றரை மணி நேரம் எழாமல் இருக்கும் கூட்டத்தைவிட நேர்மையான மதிப்பீடு ஒரு பாடகருக்குக் கிடைக்காது. அதோடு, கட்டணம் வைத்தால் மக்கள் தெரிந்த பெயருக்கே செலவழிப்பார்கள். பெயரே கேள்விப்படாத குழுவின் இசையை, நான்கு பேர் கொண்ட குடும்பம் நான்கு சீட்டு வாங்கிப் பரீட்சித்துப் பார்க்குமா? இழப்பதற்கு ஒன்றுமில்லாத போதுதான் காது புதியதற்குத் துணிகிறது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தபடி பாட்டுக் கேட்கும் தாயையும் நாற்காலி எண் போட்ட அரங்கில் காண முடியாது.

பெத்லகேமின் அந்த இலவச மேடைக்கு லெவிட் என்ற பெயர் வந்த காரணத்தைச் சொல்லி முடிக்கிறேன். சட்டைக் கடைகள் நடத்திப் பொருள் ஈட்டிய மார்ட்டிமர் லெவிட், நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த சிறுவனாக, சீட்டு வாங்க வழியில்லாமல் வேலிக்கு வெளியே நின்று இசை கேட்டவர். 1974இல் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் முதல் இலவச மேடை அவர் பெயரால் எழுந்தது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அந்தச் சிறுவனிடம் எவ்வளவு கட்டணம் வாங்கியிருப்பார் என்று தொகையைச் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும்.