ரூட் எங்கே முடிகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கிறேன். காகிதம் வேண்டாம், மனதிலேயே போடுங்கள். ரூட் ஒன்பது பிளஸ் பதினாறு. விடை என்ன?

உங்களில் சிலருக்கு 19 வந்திருக்கும். ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று, அதோடு பதினாறு. இன்னும் சிலருக்கு 5 வந்திருக்கும். ஒன்பதும் பதினாறும் சேர்ந்தால் இருபத்தைந்து, அதன் வர்க்கமூலம் ஐந்து. இரண்டு பேர் போட்டதும் சரிதான். தப்பு நான் சொன்ன விதத்தில் இருக்கிறது. ரூட்டின் மேல்கோடு எதுவரை போகிறது என்று நான் சொல்லவே இல்லை. கரும்பலகையில் எழுதியிருந்தால் அந்தக் கோடே சொல்லியிருக்கும்.

வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு இப்போது வந்த இந்தக் குழப்பம், பார்வையில்லாத ஒரு மாணவருக்குப் பல்கலைக்கழகக் கணித வகுப்பில் நாள் முழுக்க வருகிறது.

கணிதம் கற்பிப்பது என் தொழில். பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் பார்வையில்லாத மாணவர் ஒருவர் சேர்ந்தார். "இதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் அது போய்விடும்" என்று பலகையைத் தட்டித் தட்டிப் பாடம் நடத்துவது அப்போது என் பழக்கம். கையெழுத்துக் குறிப்புகளை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்புவேன். அவருடைய கணினிக்கு அது வெறும் படம். சரி, தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிடலாம் என்று கொடுத்தேன். மறுநாள் வந்து கேட்டார்: "சார், நாலாவது வரியில் இருநூற்றுப் பத்து எங்கிருந்து வந்தது?"

அந்தக் கோப்பில் இருநூற்றுப் பத்தே கிடையாது. இருந்தது இரண்டின் அடுக்கு பத்து, அதாவது 1024. மேலே சின்னதாக உட்கார்ந்திருந்த பத்தை அவருடைய திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள், பக்கத்து இலக்கங்களாக எடுத்துக்கொண்டது. சாதாரண பிடிஎஃப் கோப்புக்கு அடுக்கு என்றால் என்னவென்று தெரியாது. இந்த எழுத்து இந்த இடத்தில், இந்த அளவில் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பின்னத்தின் நடுக்கோடுகூட அதற்கு ஒரு கோடு, அவ்வளவுதான். அவர் ஒரு இரவு முழுக்க அந்த இருநூற்றுப் பத்தோடு போராடியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இந்தச் சிக்கலை முதலில் தீர்த்தவர்கள் அதை அனுபவித்தவர்களேதான். ஏப்ரகாம் நெமத் 1918இல் அமெரிக்காவில் பிறந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கணிதம் உனக்குச் சரிப்படாது என்று சொல்லி அவரை உளவியல் பக்கம் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து கணிதப் பேராசிரியர் ஆனார். டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் 30 ஆண்டு பாடம் நடத்தினார். கணிதத்துக்கென்று அவர் உருவாக்கிய பிரெயில் முறை 1952இல் வெளிவந்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தனக்கு வாசித்துக் காட்டுபவர்கள் எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு ஒழுங்கு வைத்தார். பின்னம் தொடங்குகிறது என்று சொல், முடிகிறது என்றும் சொல். ரூட் தொடங்கும் இடத்தைச் சொல், முடியும் இடத்தையும் சொல். இப்போது என் கணக்கை அவர் முறையில் சொல்கிறேன்: ரூட் தொடக்கம், ஒன்பது பிளஸ் பதினாறு, ரூட் முடிவு. இனி யாருக்கும் 19 வராது.

அப்புறம் டி. வி. ராமன். புனேயில் பிறந்தவர், 14 வயதில் பார்வையை இழந்தவர். 1994இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆஸ்டர் என்ற மென்பொருளை எழுதினார். கணிதத்தைக் கட்டளைச் சொற்களால் தட்டச்சு செய்யும் முறைக்கு லேடெக் என்று பெயர். ஆஸ்டர் அந்த லேடெக் கோப்பை எடுத்துக் குரலில் வாசிக்கும். அடுக்கு வந்தால் குரல் உயரும், கீழ்க்குறி வந்தால் தாழும். நீளமான சமன்பாட்டை மேலோட்டமாகக் கேட்கலாம், வேண்டிய பகுதிக்குள் மட்டும் இறங்கியும் கேட்கலாம். நாம் கண்ணால் ஒரு சமன்பாட்டை மேய்வது அப்படித்தானே?

ராமனுக்கு அது முடிந்ததற்குக் காரணம், லேடெக்கில் கணிதம் அதன் அமைப்போடு எழுதப்பட்டிருப்பதுதான். "இது பின்னம், இது தொகுதி, இது பகுதி" என்று அதில் எழுத்தாலேயே சொல்லியிருக்கும். வலைப்பக்கங்களில் அதே வேலையைச் செய்வது மேத்எம்எல். 1998இல் அது தரமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் க்ரோம் உலாவி அதை நிலையாக ஏற்றுக்கொண்டது 2023 ஜனவரியில். நடுவில் கால் நூற்றாண்டு! அந்த இடைவெளியில், வலைப்பக்கத்தில் கணிதத்தைக் காட்டும் மேத்ஜாக்ஸ் என்ற நிரல்தான் பெரிதும் தாங்கிப் பிடித்தது. இன்று என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானும், மேத்கேட் என்ற இலவச மென்பொருளும் சேர்ந்தால், மேத்எம்எல்லில் உள்ள சமன்பாட்டை அம்புக்குறி விசைகளால் உள்ளே இறங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, துண்டு துண்டாகக் கேட்கலாம். பிரெயில் சாதனத்தில் விரலாலும் படிக்கலாம்.

இவ்வளவும் வாசிப்பதைப் பற்றி. கணிதம் வாசிப்பதால் வருவதில்லை, போட்டுப் பார்ப்பதால்தான் வருகிறது. மாணவர் வாசிக்க வழி செய்துவிட்டு, எழுத வழி செய்யாமல் பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். நான் இன்று வந்ததே இதைச் சொல்லத்தான்.

நாம் ஒரு சமன்பாட்டைத் தீர்க்கும்போது என்ன செய்கிறோம்? மேல்வரியை ஒரு பார்வை பார்க்கிறோம், கீழ்வரியை எழுதுகிறோம், பாதியில் மறந்தால் மறுபடி மேலே பார்க்கிறோம். என் மாணவர் அதையே லேடெக்கில் இப்படிச் செய்வார். மேல்வரியை முழுதாக நகலெடுத்துக் கீழே ஒட்டுவார். ஒட்டிய வரியில் மாற வேண்டியதை மட்டும் மாற்றுவார். ஒரு வரிக்கு ஒரு மாற்றம்தான். குறி தவறினால் எந்த வரியில் தவறியது என்பது உடனே பிடிபடும். கை நடுங்குவதால் பேனா பிடிக்க முடியாத இன்னொரு மாணவிக்கும் பின்னாளில் இதே முறைதான் கைகொடுத்தது.

லேடெக்கில் ஒரு தொல்லை உண்டு. ஒரு சின்னப் பின்னத்தைத் திரைவாசிப்பான் எழுத்தெழுத்தாக வாசிக்கும்போது "பேக்ஸ்லாஷ், எஃப், ஆர், ஏ, சி, கர்லி பிராக்கெட்" என்று போய்க்கொண்டே இருக்கும். பெரிய சமன்பாடு என்றால் முதல் பாதியைக் கேட்டு முடிப்பதற்குள் தலை சுற்றும். அடிக்கடி வரும் கோவைகளுக்குச் சுருக்கப் பெயர் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். வேர்ட் இன்னும் எளிது. ஆல்ட் விசையோடு சமக்குறி விசையைத் தட்டினால் கணிதப் பெட்டி திறக்கும். அடைப்புக்குள் ஒன்று பிளஸ் எக்ஸ், அப்புறம் சாய்கோடு, இரண்டு, ஒரு இடைவெளி. உடனே அது முறையான பின்னமாக எழுந்து நிற்கும். புதிதாக வருபவருக்கு வேர்ட் நல்லது. கணிதத்தையே முக்கியப் பாடமாக எடுத்தவர் என்றால் லேடெக் கற்றுக்கொள்வதுதான் நல்லது என்பேன், ஏனென்றால் அந்தத் துறையே அதில்தான் எழுதுகிறது. வரைபடங்களுக்கு டெஸ்மோஸ் என்ற இணையக் கருவி இருக்கிறது, வளைவை ஒலியாகவே கேட்கலாம்.

எதைக் கற்பதானாலும் பருவம் தொடங்கும் முன்பே தொடங்க வேண்டும். நுண்கணிதத்தையும் அதை எழுதும் மென்பொருளையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொள் என்பது அநியாயம்.

ஆசிரியர்களே, உங்கள் பக்கத்து வேலை அவ்வளவு கடினமில்லை. குறிப்புகளை லேடெக்கில் ஒருமுறை எழுதுங்கள். பாண்டாக் என்ற இலவச நிரல் அதை மேத்எம்எல் உள்ள வலைப்பக்கமாக மாற்றித் தரும். அதே கோப்பிலிருந்து அச்சுப் பிரதியும் எடுக்கலாம். அந்த வலைப்பக்கத்தை வகுப்பில் எல்லோருக்கும் கொடுங்கள், ஒருவருக்கு மட்டும் தனிக்கோப்பு வேண்டாம். தனிக்கோப்பைத் திருத்த மறந்துவிடுவோம், எனக்கு நடந்திருக்கிறது. விடைத்தாளைத் திருத்தும்போது சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். பிழையான வரிக்குக் கீழே மூன்று நட்சத்திரக் குறி போட்டு, "இங்கே குறி மாறிவிட்டது" என்று தட்டச்சு செய்யுங்கள். மாணவர் அந்த நட்சத்திரங்களைத் தேடி, பிழை இருக்கும் இடத்துக்கே நேராகப் போய்விடுவார்.

தேர்வுக்கு வருவோம். விடை எழுதித்தர ஒருவரை உட்கார வைப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அவர் நுண்கணிதம் படிக்காதவராக இருந்தால், மாணவர் தெரிந்த கணக்குக்கும் மதிப்பெண் இழப்பார். தன் கையாலேயே கணினியில் எழுதட்டும், அதற்கு வேண்டிய கூடுதல் நேரத்தையும் கொடுங்கள்.

கேள்வித்தாளை அனுப்பும் முன் இன்னொன்று செய்யுங்கள். திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பானை ஓடவிட்டு, முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை காதால் கேளுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். எங்கேயாவது "இருநூற்றுப் பத்து" என்று காதில் விழுந்தால், அந்தக் கோப்பை அனுப்பாதீர்கள்.

நன்றி, வணக்கம்.