யூ விசா: வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

(பொங்கல் விழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, என்னைச் 'சட்ட மேதை' என்று அறிமுகப்படுத்தி என் மனைவியைச் சிரிக்க வைத்த செயலாளர் அவர்களே, ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் தமிழ்ப் பள்ளி ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் ஊர்க் காவல்துறை அதிகாரி அவர்களே! அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் ஒரு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பலமாகக் கைதட்டுங்கள். பொன்னாடை போர்த்திய பெரியவருக்கும் சர்க்கரைப் பொங்கலில் முந்திரியைத் தாராளமாகப் போட்ட தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். யூ விசா என்றால் என்ன, அதன் பெயரால் நடக்கும் மோசடி, நம் சங்கம் செய்ய வேண்டியது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் நம் ஊரில். அமெரிக்க நாடாளுமன்றம் 2000-ல் அதைச் சட்டமாகவே எழுதி வைத்தது. "போலீசுக்குப் போனால் உன்னைத்தான் நாடு கடத்துவார்கள்" என்பதுதான் குற்றவாளியின் முதல் ஆயுதம். அதைப் பிடுங்க வந்ததுதான் யூ விசா. குடும்ப வன்முறை, பாலியல் வன்கொடுமை, கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல் போன்ற குற்றங்களால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர், விசாரணைக்கு உதவினால் 4 ஆண்டுகள் இங்கே தங்கி வேலை செய்யலாம். 3 ஆண்டுகள் கழிந்தால் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தாக வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் "இவர் எங்களுக்கு உதவினார்" என்று காவல்துறையோ அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் எதுவும் நகராது. ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் தருவார்கள், காத்திருப்பவர்களோ லட்சக்கணக்கில். அந்தச் சிக்கலைத் தனியாகப் பேச வேண்டும், நேரமிருந்தால் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு கதை. போன ஆண்டும் சொன்னேன் என்று செயலாளர் முறைக்கிறார். பரவாயில்லை, நல்ல கதையை இரண்டு முறை கேட்கலாம்.

2005-ல் கத்ரீனா புயல் வந்துபோன பிறகு, மிசிசிப்பியில் பாஸ்ககூலாவிலும் டெக்சாஸில் ஆரஞ்சிலும் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி தன் கப்பல் பட்டறைகளுக்கு இந்தியாவிலிருந்து சுமார் 500 பேரைக் கொண்டுவந்தது. வெல்டர்கள், குழாய் பொருத்துபவர்கள். கிரீன் கார்டு கிடைக்கும் என்ற ஏஜென்ட் பேச்சை நம்பி ஆளுக்கு 10,000 டாலருக்கு மேல் கட்டியவர்கள். நிலத்தை விற்றார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். வந்து பார்த்தால் கையில் இருப்பது தற்காலிக எச்-2பி விசா! ஓர் அறைக்கு 24 பேர். தங்கவும் சாப்பிடவும் மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். பெருக்கிப் பாருங்கள் ஐயா, ஓர் அறைக்கு மாதம் 25,200 டாலர்! நியூயார்க்கில் அரண்மனை கிடைக்கும்.

கேள்வி கேட்ட சிலரை 2007 மார்ச் மாதம் ஒரு விடிகாலையில் காவலாட்கள் பிடித்து அடைத்தார்கள், ஊருக்கு ஏற்றி அனுப்ப. மற்றவர்கள் பயந்து அடங்கினார்களா? மறு ஆண்டு மார்ச்சில் தலைக்கவசங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் பட்டறையை விட்டு வெளியே வந்தார்கள். வாஷிங்டன் வரைக்கும் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், நடந்ததையெல்லாம் சொன்னார்கள். ஆள்கடத்தலில் சிக்கியவர்களுக்கான டி விசா, அதாவது யூ விசாவோடு கூடப் பிறந்தது, பலருக்குக் கிடைத்தது. 2015-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி 5 தொழிலாளர்களுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. கம்பெனி திவால் மனு போட்டது! வாயுள்ள பிள்ளை பிழைத்ததா இல்லையா?

இரண்டாவது, மோசடி. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்று காட்டி யூ விசா வாங்க, கடைகளில் பொய்க் கொள்ளை நாடகம் நடத்தியதாக 2023-ல் மாசசூசெட்ஸில் வழக்கு வந்தது. செய்யாதீர்கள். அவ்வளவுதான்.

நான் வந்தது மூன்றாவதற்கு. கணவரின் எச்-1பி வேலை விசாவில் ஒட்டிக்கொண்டு, எச்-4 என்ற குடும்ப விசாவில் வந்த ஒரு பெண். அடி விழுகிறது. பக்கத்து வீட்டார் அவசர எண் 911-ஐ அழைக்கிறார்கள். வாசலில் வந்து நிற்கும் அதிகாரிக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வது யார்? அடித்தவர்! "சின்னச் சண்டை சார்." அறிக்கையிலும் அதுவே ஏறுகிறது. பிறகு யூ விசாவுக்குக் கையெழுத்துக் கேட்டுப் போனால், அந்த அறிக்கையைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். கலிபோர்னியாவில் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தாளில் ஒன்றும் இல்லாதபோது அந்தப் பதில் யாருக்கு ஆகும்? அவளுக்கும் வாய் இருக்கிறது ஐயா, அதைக் காதில் வாங்கத்தான் ஆளில்லை.

மத்திய அரசின் பணம் வாங்கும் காவல்துறைக்கு, மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பு உதவி தரும் கடமை 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்திலிருந்தே வருகிறது. ஆகவே தாய்மார்களே, மூன்று சொல் மனப்பாடம் செய்யுங்கள்: "தமிழ் இன்டர்ப்ரெட்டர் ப்ளீஸ்." எங்கே, எல்லோரும் ஒருமுறை சொல்லுங்கள்! அண்ணன்மார்களும்தான்.

சங்கம் செய்ய வேண்டியது இதுதான். பாதிக்கப்பட்டவரோடு காவல் நிலையத்துக்கும் வழக்கறிஞரிடமும் போக, தமிழும் ஆங்கிலமும் தெரிந்த தொண்டர் பட்டியல் ஒன்று வேண்டும். பெண்கள் அதிகம் வேண்டும். கணவருக்குக் கிரிக்கெட் கூட்டாளியாக இருக்கக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. மூன்று ஆண்டுகளாகச் செயற்குழுவில் இதைக் கேட்டுவருகிறேன், "பார்க்கலாம்" என்கிறார்கள். விழா மலருக்கு ஒதுக்கும் பணத்தில் பாதி போதும்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. அந்த 10,000 சிக்கலைத் தீபாவளிக்குப் பேசுகிறேன். சாப்பாட்டு வரிசை தொடங்கும் இடத்தில், வடைக்கு முன்னால், ஒரு மேசையில் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுத் தட்டை எடுங்கள். நன்றி, வணக்கம்.