சடோஷி கோன்: மாங்கா மேசையிலிருந்து திரைக்கு

நண்பர்களே, வணக்கம். அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் படங்களின் இயக்குநர் சடோஷி கோன். அவர் இயக்கிய திரைப்படங்கள் நான்குதான். அப்புறம் 13 பகுதிகள் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடர். 2010 ஆகஸ்டில் கணையப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 46.

அவர் மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வரைந்த காலத்தைப் பலரும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அவர் படங்களில் நாம் வியக்கிற வித்தையெல்லாம் அந்த மேசையில்தான் உருவானது.

1963-இல் ஹொக்கைடோவில் பிறந்தவர் கோன். முசாஷினோ கலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மாங்கா வரையத் தொடங்கினார். 'அகிரா' மாங்காவைப் படைத்த கட்சுஹிரோ ஒட்டோமோவுக்கு உதவியாளராக இருந்தார். அனிமேக்குள் வந்ததும் அவர் வழியாகத்தான். 1993-இல் 'பட்லேபர் 2' படத்துக்கு லேஅவுட் வரைந்தார். ஒரு ஷாட்டில் கேமரா எங்கே நிற்கிறது, எது எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்பதை முன்கூட்டியே வரைந்து முடிவுசெய்கிற வேலை அது.

பிறகு 'ஓபஸ்' என்ற மாங்கா. ஓர் ஓவியர் தான் வரையும் கதைக்குள்ளேயே விழுந்துவிடுகிறார். 1996-இல் அது வெளிவந்த பத்திரிகை நின்றுபோனதால் தொடரும் பாதியில் நின்றது. ஆனால் அந்த எண்ணம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு வந்த 'பெர்ஃபெக்ட் ப்ளூ'வில், பாடகியாக இருந்து நடிகையாகும் மீமாவுக்கு, நடிக்கிற காட்சி எது, வாழ்கிற வாழ்க்கை எது என்றே பிடிபடாமல் போகிறது.

2001-இல் வந்த 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' எனக்கு எல்லாவற்றையும்விட உயர்ந்தது. முதிய நடிகை சியோகோ தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, பேட்டி எடுக்க வந்தவரும் கேமராக்காரரும் அவள் நினைவுகளுக்குள்ளேயே நடமாடுகிறார்கள். ஒரு படத்தில் தொடங்கிய அவளுடைய ஓட்டம், நூற்றாண்டுகள் தாண்டி இன்னொரு படத்தில் தொடர்கிறது. உடை மாறுகிறது, காலம் மாறுகிறது, ஓட்டம் மட்டும் அறுபடுவதில்லை. மாங்காவில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியை வாசகரே நிரப்பிக்கொள்வார். அதே நம்பிக்கையைப் பார்வையாளர்மேல் வைத்தார் கோன். 'இதோ, இனி கனவு' என்று திரையை மங்கலாக்கி அவர் அறிவிப்பதில்லை.

'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003), 'பாப்ரிகா' (2006) முடித்து, 'ட்ரீமிங் மெஷின்' எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் நோய் வந்தது. அந்தப் படம் இன்றுவரை முடியவில்லை. 'ஓபஸ்'ஸின் கடைசி அத்தியாயம் மட்டும், முழுமையாக வரையப்படாத நிலையில் அவர் இறந்தபின் கிடைத்து, புத்தகத்தில் சேர்ந்தது. இளைஞர்களே, முதலில் 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' பாருங்கள். கையோடு 'ஓபஸ்'ஸைப் படியுங்கள். இரண்டையும் வரைந்தது ஒரே கை என்பது உங்களுக்கே தெரியும்.