ஜெராய் மலையடியில் இரண்டு நாள்

எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிந்து நேராக நூலகத்துக்கு வந்திருக்கிறீர்கள், பலர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், அதனால் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

கடாரம் என்றதும் நமக்கு ராஜேந்திர சோழன்தான் ஞாபகத்துக்கு வருவார். 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பினார், கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்றார், சரி. ஆனால் அந்தக் கடாரம் சிங்கப்பூரிலிருந்து உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டினால் காரில் ஒரு பகல் தூரம்தான், மலேசியாவின் கெடா மாநிலத்தில் மெர்போக் என்கிற சின்ன ஊரைச் சுற்றி இருக்கிறது, போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானே பினாங்கு வரை பலமுறை போய்த் திரும்பியவன். போன வருஷம்தான் அங்கே கால் வைத்தேன்.

முதலில் ஜெராய் மலை கண்ணில் படும். 1,217 மீட்டர்தான், ஆனால் சுற்றிலும் தட்டையான நெல்வயல் என்பதால் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கிறது. அந்தக் காலத்தில் கடல் இன்னும் உள்ளே வந்திருந்தது. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகள் இந்த மலையைத் தூரத்திலேயே பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள்.

மலையடியில் அருங்காட்சியகம், அதன் வளாகத்திலேயே சண்டி புக்கிட் பத்து பகாட். சண்டி என்றால் பழைய கோயில். ஊர்ப் பெயருக்கு உளியால் செதுக்கிய கல் குன்று என்று பொருள், பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. கருங்கல் அடித்தளம், முன்னால் மண்டபம். மண்டபத்துத் தூண்கள் மரம், எப்போதோ மட்கிவிட்டன, அவற்றை நிறுத்திய கல் பீடங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் ஓடை. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்து வர மனசே இல்லை.

அப்புறம் சுங்கை பத்து. அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. எனக்குக் கோயிலைவிட இதுதான் பெரிதாகப் பட்டது. யாரோ படையெடுத்து வந்ததால் முளைத்த ஊர் இல்லை இது, தன் கையால் உழைத்து, கடல் வாணிகம் செய்து எழுந்த ஊர். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரமே கட்டினார், அதற்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருந்தது. நாம் படையெடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

ஊர்க்காரர்களுக்குச் சொந்தக் கதையும் உண்டு. சமையல்காரியின் விரல் வெட்டுப்பட்டு ரத்தம் கறியில் விழ, அந்த ருசியில் மயங்கிய ராஜாவுக்குக் கோரைப்பல் முளைத்ததாம். ராஜா பெர்சியோங். மக்கள் விரட்ட, ஓடிப்போய்ப் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங். மலாயில் பாலிங் என்றால் எறிதல். கேட்டதும் பிள்ளைகள் வரைபடத்தில் பாலிங்கைத் தேடிப் பிடித்துவிட்டார்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 2013இல் நிலத்தைச் சமன்படுத்துகிற வேலையில் கடாரப் பகுதியில் ஒரு சண்டியை இடித்துவிட்டார்கள். அத்தனை நூற்றாண்டு மழையைத் தாங்கி நின்றது. அதனால்தான் சொல்கிறேன், தள்ளிப் போடாதீர்கள்.

ஜூன் விடுமுறையில் மறுபடி போகிறோம், இரண்டு கார். வருகிறவர்கள் பேச்சு முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். வழுக்காத காலணி போட்டு வாருங்கள், மழை பெய்தால் ஓடைப் பக்கம் பாசி.