வாரம் ஒரு மாத்திரை: நித்யா ஆனந்தின் வேதியியல்

நேயர்களுக்கு வணக்கம். மருந்து வேதியியல் படிக்கும் மாணவர்களிடம் இந்தியாவில் கண்டுபிடித்த ஒரு மருந்தின் பெயரைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் யோசிக்கத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் சென்ட்குரோமான் என்ற கருத்தடை மூலக்கூறும் அதற்குப் பின்னால் இருந்த வேதியியலாளர் நித்யா ஆனந்தும் நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவர்கள்.

1925-இல் லயல்பூரில் பிறந்தார், இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் பைசலாபாத். பம்பாயில் முனைவர் பட்டம் வாங்கியது கே. வெங்கட்ராமனிடம். சென்னையில் பிறந்த வெங்கட்ராமன் சாயங்களின் வேதியியலில் பெரிய ஆள், பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்பு என்று கரிம வேதியியல் புத்தகங்களில் இன்றும் வருகிறதே, அவர்தான். பென்சீன் வளையத்தோடு ஆக்சிஜன் உள்ள இன்னொரு வளையம் ஒட்டிய சேர்மங்களைத் தயாரிக்க உதவும் வினை அது. இதை ஞாபகத்தில் வையுங்கள், அந்த வளையக் குடும்பம் திரும்ப வரும்.

அப்புறம் கேம்பிரிட்ஜ். அங்கே அலெக்சாண்டர் டாட் குழுவில் நியூக்ளிக் அமிலங்களின், அதாவது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வின், கட்டுமானக் கூறுகள் பற்றி வேலை செய்து இரண்டாவது முனைவர் பட்டம். டாட் 1957-இல் நோபல் பரிசு வாங்கியது இந்தத் துறைக்காகத்தான். அப்படிப்பட்ட இடத்திலிருந்து திரும்பி, 1951-இல் லக்னோவில் தொடங்கிய மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். கோமதி ஆற்றங்கரையில் நவாபுகள் கட்டிய சத்தர் மன்சில் அரண்மனையில்தான் அந்த ஆய்வகங்கள் பல பத்தாண்டுகள் இயங்கின.

அவர் குடுவையோடு நின்றுவிடவில்லை. ஹார்வர்டில் பெர்னார்ட் டேவிஸோடு சேர்ந்து, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாக்டீரியாவின் செல் சவ்வைச் சேதப்படுத்துகிறது என்று 1960-இல் கட்டுரை எழுதினார். மருந்தின் முதல் இலக்கு செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்தான் என்பது பின்னால் தெளிவானது, ஆனால் சவ்வில் நடக்கும் அந்தச் சேதத்தை விளக்காமல் இந்த மருந்தின் கதை முழுமையாகவில்லை. ஒரு கரிம வேதியியலாளர், மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்ற கேள்வியைத் தன் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, சென்ட்குரோமான். அன்றைய கருத்தடை மாத்திரைகள் ஸ்டீராய்டு ஹார்மோன்கள், தினமும் சாப்பிட வேண்டும். ஸ்டீராய்டு இல்லாமல், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் ஏற்பியில், அதாவது செல்லில் அதற்கென்று இருக்கும் இருக்கையில், தான் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு மூலக்கூறைச் செய்ய முடியுமா என்று லக்னோ குழு 1960களிலேயே தேட ஆரம்பித்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட அடிப்படைச் சட்டகம் குரோமான், அதாவது நான் சொன்ன அதே ஆக்சிஜன் வளையக் குடும்பம். அதில் இங்கே பினைல் என்ற ஓர் அணுத்தொகுதி, அங்கே மெத்தில் என்ற சின்னத் தொகுதி இரண்டு, கடைசியில் நைட்ரஜன் உள்ள ஒரு வால் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சோதிப்பார்கள், விலங்குச் சோதனை முடிவு வரும், மறுபடி மாற்றுவார்கள். ஒரே அணுக்கள், ஒரே இணைப்பு, ஆனால் இரண்டு தொகுதிகள் வளையத்தின் ஒரே பக்கமா எதிரெதிர்ப் பக்கமா என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். எதிர்ப்பக்க வடிவம்தான், டிரான்ஸ் என்பார்களே, அதுதான் மருந்தானது.

கிடைத்த மூலக்கூறு எலும்பில் லேசாக ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடக்கிறது, கருப்பையில் அதற்கு எதிராக நடந்து கரு பதியாமல் தடுக்கிறது. உடம்பிலிருந்து பாதி வெளியேறவே சுமார் ஒரு வாரம் ஆகிறது. அதனால் 30 மில்லிகிராம் மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று, அவ்வளவுதான். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன், சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், அதை மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

1974 முதல் 1984 வரை அந்த நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு, 1990களின் தொடக்கத்தில்தான் மாத்திரை 'சஹேலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 2016-இல் 'சாயா' என்ற பெயரில் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் சேர்ந்தது. அப்போது அவருக்கு 91 வயது. 2012-இல் பத்மஸ்ரீ, 2024 ஜனவரியில் 99 வயதில் மறைவு.

இன்றைக்கு ஓர் ஆய்வாளரை எடை போட எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று பார்க்கிறோம். அந்த எண்ணெல்லாம் மூன்று வருடம், ஐந்து வருடத்தில் பதில் கேட்கும். ஆய்வகத்தில் தொடங்கி அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்ட ஒரு வேலையை, அதுவும் வேதியியலாளர், உயிரியலாளர், மருத்துவர் என்று ஒரு பெரிய குழு சேர்ந்து செய்ததை, அந்த அளவுகோல் எப்படி அளக்கும்? தேர்வுக் குழுக்களில் உட்காருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று நேராகவே கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒன்று. பாடத்தில், அதே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் உட்காரும் மார்பகப் புற்றுநோய் மருந்தான டமாக்ஸிஃபென் வரும்போது அதன் பக்கத்திலேயே சென்ட்குரோமானையும் வரைந்து பாருங்கள். அந்த நைட்ரஜன் வால் இரண்டிலும் எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும், மீதியை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.